வசைச்சொல்லும் வாக்குவினையும்

உயிர்கள் மனம், வாக்கு, காயம் என்னும் மூன்று வாயிலானும் வினையீட்டும் என்பது சைவநூல்களின் துணிபு. இம்மூன்றனுள் காயத்தாற் செய்யும் தீங்கு பிறர் கண்ணுக்குப் புலனாதலின் அதற்கு அஞ்சுவார் பலர். மனத்தாற் செய்வது தம் நெஞ்சிற்குப் புலனாதலின் அதற்கு நாணுவார் சிலர். வாக்காற் செய்யும் தீங்கோ, சொல்லிய அப்பொழுதே காற்றிற் கலந்தொழிவதுபோலத் தோன்றுதலின், அதனை வினையென்று எண்ணுவாரே அரியராயினர். இக்காலத்து இளைஞர் பலர் ஒருவரையொருவர் அழைக்கும்போதும், வியக்கும்போதும், பேச்சின் இடையே அடுத்த சொல்லைத் தேடும்போதும் வசைச்சொற்களை அசைச்சொற்களைப்போல வழங்குகின்றனர். இது பெருநகர்க்கே உரிய வழக்கமன்று. எம் கீரமங்கலம் போன்ற ஊர்களின் கடைத்தெருவிலும் விளையாட்டுத் திடலிலும் இதனைக் கேட்கலாம். திரைப்படத்தின் வாயிலாகவும் கைப்பேசியின் வாயிலாகவும் விரும்பாதார் செவியிலும் இது வந்து விழுகின்றது.

இது தவறென்று எடுத்துக்காட்டின், அவர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே. "யாங்கள் அப்பொருளை நினைந்து சொல்லவில்லை, வழங்கி வழங்கி அச்சொல் தன் நஞ்சை இழந்துவிட்டது" என்பர். இதனை வெறுஞ்சாக்கென்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அதனுள் ஆராயத்தக்க வினா ஒன்று உளது. பழகப் பழக ஒரு வசைச்சொல் தன் கொடுமையை இழக்குமா? ஒரு சொல்லின் பொருள் மாறக்கூடுமாயின், அதனை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினாக்களைச் சித்தாந்த நெறிநின்று ஆராய்தலே ஈண்டு எம் கருத்து.

சொற்கள் வழக்காற்றாற் பொருள் மாறும் என்பது மறுக்கப்படாத உண்மை. பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று தீநாற்றத்தையே குறிக்கின்றது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக மன்னன் தன் கல்வெட்டுக்களில் தன்னைத் 'தேவானாம்பிரியன்', அஃதாவது தேவர்க்கு இனியன், என்று குறித்தான். அத்தொடரே பிற்கால வடமொழி இலக்கணத்தாரிடை மூடனைக் குறிப்பதாயிற்று. பட்டோஜி தீட்சிதர் தம் சித்தாந்த கௌமுதியில் அப்பொருளைக் குறித்துள்ளார். அம்மன்னனது 12ஆம் பாறைக் கல்வெட்டு எல்லாச் சமயக் கூட்டத்தாரையும் 'பாசண்டம்' என்னும் பொதுப்பெயராற் சுட்டி, அனைவரையும் போற்றுக என்றும், தன் சமயத்தைப் புகழ்தற்பொருட்டுப் பிறர் சமயத்தை இகழாவண்ணம் நாவைக் காக்க என்றும் கூறுகின்றது. நாவடக்கம் கற்பித்த அக்கல்வெட்டிலுள்ள சொல்லே பின்னாளில் புறச்சமயத்தாரை இகழும் சொல்லாய் முடிந்தது.

இவற்றால் ஒன்று விளங்கும். சொல் இழிதற்கு ஒருவர் முயற்சியும் வேண்டுவதில்லை. மேட்டில் விட்ட நீர் பள்ளம் நோக்குதல்போல, இகழ்ச்சியுடையார் நாவிற் பழகிய சொல் தானே கீழிறங்கும். இழிந்த சொல் மீண்டும் உயர்தல் அவ்வாறு தானே நிகழ்வதன்று. அஃது எவ்வாறு நிகழும் என்பதைப் பின்னர்க் காண்போம். அதற்குமுன், நம் சமயத்துக்கே உரிய சொல்லொன்று இழிந்த வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

இன்று தமிழ்நாட்டுத் தெருக்களில் மிகுதியும் வழங்கும் வசைச்சொல், 'தேவரடியார்' என்னும் திருப்பெயரின் சிதைவே. அச்சிதைவை இத்தாளில் எழுத யாம் விரும்பவில்லை. படிப்போர் அதனை அறிவர். தேவரடியார் என்பதற்கு இறைவனுக்கு அடியார் என்பதே பொருள். தன்னை அடியேன் என்று சொல்லிக்கொள்ளாத சைவன் இல்லை. எனவே அச்சொல்லின் பின்பாதி நம் ஒவ்வொருவருடைய பெயராகும்.

அப்பெயருக்குரியாரும் அவர்போல் கோயிற்பணி பூண்ட மகளிரும் முற்காலத்தில் எந்நிலையில் இருந்தனர் என்பதைக் கல்வெட்டுக்கள் கூறும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் இராசராசன் தஞ்சை இராசராசேச்சரத்துக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளைச் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொணர்ந்து குடியேற்றினான். ஒவ்வொருவர்க்கும் ஒரு மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் அளித்தான். அவரவர் பெயர், வந்த கோயில், வாழும் மனை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டுவித்தான். அப்பெயர்கள் 'நக்கன்' என்னும் சிவபெருமான் பெயரை முன்னே உடையன. எடுத்தபாதம் என்று தில்லைக் கூத்தன் திருவடியையே பெயராகக் கொண்டவரும் அவருள் உளர். பிறவூர்க் கல்வெட்டுக்களில் தேவரடியார் கோயிலுக்கு விளக்கும் பொன்னும் நிலமும் வழங்கிய கொடையாளராகக் காணப்படுகின்றனர். எம் புதுக்கோட்டை நாட்டுக் குடுமியான்மலையில் பாண்டியர் காலத்தில் அம்பிகைக்குத் திருக்கோயில் எடுத்தவர், தேவரடியார் மரபில் வந்த உமையாள்வி நாச்சி என்னும் அம்மையார் என்பது அங்குள்ள கல்வெட்டாற் பெறப்படும்.

இவற்றினும் சிறந்த சான்று நம் திருமுறையிலேயே உள்ளது. திருவாரூரில் ஆலால சுந்தரரை மணந்த பரவையார் உருத்திர கணிகையர் குலத்தில் தோன்றியவர் என்று சேக்கிழார் பெருமான் ஒளியாது உரைக்கின்றார். அவர் புலவியைத் தணித்தற்பொருட்டுத் தியாகேசப் பெருமானே நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் இருமுறை தூது நடந்தருளினான். பெருமான் திருவடி தோய்ந்த அம்மனையின் மரபைச் சுட்டிய பெயரே இன்று ஒருவன் மற்றொருவனைத் திட்டும் சொல்லாகப் பயன்படுகின்றது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

இச்சொல் ஏன் இழிந்தது? கோயில்களின் பங்கும் மனையும் காலப்போக்கிற் குலைந்தன. அரசர் மறைந்தபின் செல்வரும் நிலக்கிழாரும் அம்மகளிரைத் தம் இன்பத்துக்கு உரியராக்கினர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியின் நீதிமன்றங்கள் அவரைப் பரத்தையர் என்னும் வகுப்பில் வைத்தே வழக்குகளைத் தீர்த்தன. இச்சீர்கேட்டிற்குச் சைவ உலகமும் கோயிலதிகாரிகளும் பொறுப்பல்லர் என்று சொல்லித் தப்புதல் இயலாது. வறுமையிற் சிக்கிய பெண்பாலாரைக் காவாது, அவர் பெயர் பழிபடுவதைக் கேட்டிருந்த குற்றம் நம் முன்னோர்க்கும் உண்டு.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. இருவர் பங்குகொண்ட செயலில் ஒருவர் பெயர் மட்டுமே வசையாயிற்று. அம்மகளிர்பாற் சென்று தம் செல்வத்தை அழித்த இளஞ்செல்வர்க்குத் தமிழில் வழங்கிய பெயர் 'மைனர்' என்பது. அஃது இன்றும் வசையாகவில்லை. பகட்டாக உடுத்து வருவானைப் பார்த்து நகையாகச் சொல்லும் சொல்லாக அது நிற்கின்றது. அவர் கழுத்திலணிந்த அணியும் 'மைனர் சங்கிலி' என்று பெருமையோடு பெயர்பெற்றது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாம் 1936இல் வெளியிட்ட புதினத்துக்குத் தாசிகளையும் மைனரையும் ஒருங்கே தலைப்பில் வைத்தார். ஆயினும் தமிழுலகம் ஒருபாலாரின் பெயரை மட்டும் சேற்றில் இட்டு, மற்றொருபாலாரின் பெயருக்குப் பொன் பூட்டியது. வசைச்சொல் குற்றமுடையாரைத் தேடிச் செல்வதில்லை; எதிர்த்துப் பேச வலியில்லாதாரைத் தேடிச் செல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, "நினையாது சொன்னோம்; நண்பர்க்குள் சொன்னோம்" என்பாரது கூற்றை ஆராய்வோம். தமிழிலக்கணம் இடம் மூன்றென வகுக்கும்: சொல்வோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவோன் படர்க்கை. ஒருவன் தன் நண்பனை நோக்கி மேற்குறித்த வசையைச் சொல்லுங்கால், சொல் முன்னிலையான் செவியிற் படுகின்றதேனும், அதன் பொருள் படர்க்கையிற் சென்று விழுகின்றது. இழிக்கப்படுபவர் அந்நண்பனைப் பெற்ற தாய்; அவர்க்கும் அப்பால் அப்பெயரைத் தாங்கிய மகளிர் குலம் முழுவதும். நண்பன் சிரித்து ஏற்றுக்கொண்டான் என்பது மெய்யாகலாம். தன்பொருட்டு ஏற்கும் உரிமை அவனுக்கு உண்டு. தாயின் பொருட்டு ஏற்கும் உரிமை அவனுக்கு ஏது? அக்கூட்டத்தில் இல்லாத ஒருவர்மேற் கல்லெறிந்து, அருகிலிருந்தவன் நோவென்று சொல்லவில்லை என்று காட்டுதல் நீதியாகுமா? சாதிப்பெயரை வசையாக வழங்குதற்கும் இதுவே முடிபு. சிவஞான சித்தியார் நல்வினை தீவினைகளை இதம், அகிதம் என்று வகுத்து, மனம் வாக்குக் காயங்களால் உயிர்க்கு உறுதி செய்தலையும் செய்யாமையையும் கொண்டு அவற்றை விளக்குகின்றது. உயிர்க்கு என்றாரேயன்றி எதிர்நிற்கும் உயிர்க்கு என்றாரல்லர்.

நினையாது சொல்லுதல் குற்றத்தைக் குறைக்கும் என்பதும் ஆராயத்தக்கதே. நம் நூல்கள் வாக்கைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுக்கும். செவியிற் கேட்கப்படுவது வைகரி. அது வெளிப்படுமுன் எழுத்துக்கள் முறைப்பட்டு உள்ளே நிற்கும் நிலை மத்திமை. மத்திமையில் நில்லாத எதுவும் வைகரியாய் வெளிப்படுதலில்லை. ஆகலின், புத்தி கருதாமலே ஒரு வசைச்சொல் நாவில் வந்து விழுமாயின், அஃது உள்ளே இல்லை என்பது பொருளன்று. அழையாமலே வருமளவுக்கு உள்ளே குடிகொண்டுவிட்டது என்பதே பொருள்.

இதனை வேறொருவாற்றானும் விளக்கலாம். உமாபதி சிவனார் திருவருட்பயனில் புறவிருளையும் ஆணவ மலமாகிய அகவிருளையும் வேறுபடுத்துகின்றார். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தான் இருத்தலைக் காட்டும். அகவிருளோ பொருள்களையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். சினத்தாற் சொல்லும் வசை புறவிருள் போன்றது. சொன்னவனுக்கும் கேட்டவனுக்கும் அது வசையென்று தெரியும்; சினம் தணிந்தபின் நாணமும் கழிவிரக்கமும் பிறக்கக்கூடும்; மன்னிப்பு வேண்டவும் இடமுண்டு. விளையாட்டாகப் பழகிய வசை அகவிருள் போன்றது. பிறரை இழித்தலை அது செய்கின்றது. இழித்தல் நிகழ்கின்றது என்பதையும் மறைத்துவிடுகின்றது. சொன்னவன் தான் ஒன்றும் செய்யவில்லை என்று மெய்யாகவே நம்புகின்றான். ஆகலின், பழகுதலால் வசை தன் நஞ்சை இழப்பதன்று. நஞ்சு தன் கசப்பை இழக்கின்றது. கசப்புள்ள நஞ்சினும் கசப்பற்ற நஞ்சே கொடிதென்பதை யாவரும் அறிவர்.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்று நம் ஆசிரியர் கூறுவர். படிகம் அருகிலுள்ள பொருளின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுதல் போல, உயிரும் தான் இடைவிடாது பழகியதன் தன்மையை எய்தும். நாள்தோறும் பெண்மையை இழிக்கும் சொல்லை நாவிற் கொண்டவன், தன் இல்லத்திலும் பணியிடத்திலும் பெண்ணை மதிக்கும் முறையில் அச்சொல்லின் நிறம் படியாதிருத்தல் எங்ஙனம்? பத்து வயதுச் சிறுவன் தன் தமையன் நாவிலிருந்து அதனைக் கற்கும்போது, பொருளை அறியாது இகழ்ச்சியின் ஓசையை மட்டும் கற்கின்றான். ஓசை முன்னே செல்ல, இகழ்ச்சி பின்னே வந்து சேரும்.

ஈண்டுச் சித்தாந்தம் பயின்றார் ஒருவர் தடை நிகழ்த்தக்கூடும். "சாக்கிய நாயனார் இலிங்கத் திருமேனியின்மேற் கல்லெறிந்தாரன்றோ? அன்பினால் எறிந்த கல் மலராயிற்று. அவ்வாறே நட்பினாற் சொன்ன வசை வாழ்த்தாகாதோ?" என்பது அத்தடை. நன்று வினவினீர் என்று கூறி விடையளிப்போம். சாக்கியர் கல் எறிந்தது மறந்தவாறன்று, மறவாதவாறு. ஒருநாள் அதனை மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்த அளவில் உணவை விட்டெழுந்து ஓடிச் சென்று எறிந்தார். நினையாது சொன்னோம் என்பார்க்கு, நினைவையே உயிராகக் கொண்ட அவ்வன்பு எவ்வாறு சான்றாகும்? அன்றியும், அக்கல்லைத் தாங்கியவன் எதனாலும் நோவாத பரம்பொருள். நம் சொற்கல்லைத் தாங்குவோர் நோகும் உயிர்கள். மேலும், அக்கல்லை மலரென்று ஏற்றவன் எறியப்பட்ட பெருமானே; எறிந்தவர் தாமே அதனை மலரென்று அறிவித்துக்கொண்டாரல்லர்.

முன்னர் நிறுத்திவைத்த வினாவிற்கு விடை இங்கே பிறக்கின்றது. இழிந்த சொல் உயர்தல் உண்டு. அதனை உயர்த்துவார் அச்சொல்லைத் தாங்கியவரேயன்றி, அதனை எறிந்தவரல்லர். திருவெண்ணெய்நல்லூர் வரலாறு இதற்குத் தலையாய சான்று. புத்தூர் மணப்பந்தரில் ஆளோலையுடன் வந்த முதியவரை நம்பியாரூரர் பித்தன் என்று இகழ்ந்தார். வழக்கு முடிந்து உண்மை விளங்கியபின், தன்னைப் பாடுக என்று பணித்த பெருமான், நீ முன்பு என்னைப் பித்தன் என்றாயாதலின் அதனையே முதலாகக் கொண்டு பாடுக என்றருளினான். வசை திருப்பதிகத்தின் முதற்சொல் ஆயிற்று. நம்பியாரூரர் தாமே, "யான் விளையாட்டாகச் சொன்னேன், ஆகலின் அஃது இனி வசையன்று" என்று தீர்ப்புச் செய்தனரா? இல்லை. வன்மை பேசியதற்கு அடையாளமாக வன்றொண்டர் என்னும் பெயரும் அவர்மேல் நின்றது. வசையைத் துதியாக்கும் அதிகாரம் வசைபெற்ற பெருமானிடமே இருந்தது.

எம்மூர்க்குரிய வரலாறும் இதனை வலியுறுத்தும். கீரமங்கலம் மெய்நின்றநாதர் திருக்கோயிலின் முன்னர் 81 அடி உயரமுள்ள சிவபெருமான் திருவுருவமும், அதன் எதிரே நக்கீரர் உருவமும் இன்று விளங்குகின்றன. கீரர் பெயராலேயே இவ்வூர் பெயர்பெற்றது என்பது ஊர்வழக்கு. தருமிக்கு அருளிய பாட்டின்மேற் குற்றங்கூறிய நக்கீரரைச் சினந்த பெருமான், சங்கறுக்கும் அவர் தொழிலைச் சுட்டி, இத்தகையவனா என் கவியை ஆராய்வான் என்று இகழ்ந்ததாகவும், அதற்கு நக்கீரர் விடையிறுத்ததாகவும் தனிப்பாடல் மரபொன்று நாட்டில் வழங்குகின்றது. அவ்விகழ்ச்சி, புலவரின் உள்ளத்தை உலகிற்குக் காட்டுதற்பொருட்டு இறைவன் ஆடிய விளையாட்டு என்று கொள்வர் பெரியோர். நாம் நோக்கத்தக்கது நக்கீரர் தந்த விடை. யான் அத்தொழிலினன் அல்லேன் என்று அவர் நாணி மறைக்கவில்லை. ஆம், அஃது எம் குலத்தொழில்; அதனால் உழைத்து உண்கின்றோம்; நும்மைப்போல இரந்து உண்பதில்லை என்று தலைநிமிர்ந்து கூறினார். தொழிற்பெயரை வசையாக எறிந்தபோது, அதனைக் கையில் ஏந்தி மீண்டும் தொழிற்பெயராகவே காட்டினார். சொல்லின் இழிவு அங்கே கழன்றது. கழற்றியவர் தாக்கப்பட்டவர். அவையிலிருந்த பிறரொருவர் மறுநாள் நக்கீரரை அச்சொல்லால் நகையாக விளித்திருப்பின் அது பழைய இகழ்ச்சியாகவே முடிந்திருக்கும்.

அண்மைக் காலத்திலும் இதற்குச் சான்றுகள் உள. தீண்டாமைக் கொடுமையால் வருந்திய மக்களின் குலப்பெயர் நாடெங்கும் வசையாக வழங்கிய காலத்தில், இரட்டைமலை சீனிவாசனார் 1893இல் தாம் தொடங்கிய செய்தித்தாளுக்குப் 'பறையன்' என்னும் அப்பெயரையே சூட்டினார். நாணி மறைக்குமளவும் அப்பெயர் தாழ்வாகவே நிற்கும். உரியவர் துணிந்து ஏற்பின் தாழ்வு நீங்கும் என்பது அவர் கருத்து. அக்காலத்தே வாழ்ந்த அயோத்திதாச பண்டிதரோ அப்பெயரைப் பகைவர் சுமத்திய இழிபெயரென்று மறுத்து, தம்மவர் பூர்வ பௌத்தர் என நிறுவ முயன்றார். 1922இல் சென்னை அரசாங்கம் தன் ஆவணங்களில் பழைய பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்குமாறு ஆணையிட்டது. ஒருவர் ஏற்றார், ஒருவர் மறுத்தார். இவ்விருவருள் யார் நெறி சிறந்தது என்று பிறர் தீர்ப்பளித்தல் வேண்டற்பாலதன்று. ஏற்றலும் மறுத்தலும் அப்பெயரைச் சுமந்தாரது உரிமை. சீனிவாசனார் தம் தாளுக்கு அப்பெயரிட்டார் என்பதைச் சான்றாகக் காட்டிப் பிறர் அச்சொல்லை வீசுதல் அவருரிமையைக் களவு செய்தலேயாம்.

தேவரடியார் என்னும் பெயர் திறத்தும் இவ்வாறே இருவகை விடைகள் எழுந்தன. புதுக்கோட்டையில் 1886இல் தோன்றிய முத்துலெட்சுமி அம்மையாரின் தாயார் அம்மரபினர். மகளிர் பயிலாத அந்நகரத்து மன்னர் கல்லூரியில் எதிர்ப்பிற்கிடையே அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவினாற் சேர்ந்து பயின்று, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் போராடினார். 1947இல் அதனைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அப்போராட்டக் காலத்தில், திருவையாற்றில் தியாகராசர் சமாதிக்குக் கோயில் எடுத்த பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர், தம் மரபு இறைபணியும் கலையும் பேணிய மரபு என்றும், அதனைப் பரத்தைமையோடு ஒருசேர எண்ணுதல் அநீதி என்றும் விண்ணப்பித்தனர். பின்னர் அச்சமூகத்தார் இசை வேளாளர் என்னும் பெயரை மேற்கொண்டனர். ஒரு சாரார் அப்பெயரினின்று விடுதலை வேண்டினர். மற்றொரு சாரார் அப்பெயர்க்கே விடுதலை வேண்டினர். இரண்டும் அப்பெயரால் நொந்தார் நெஞ்சிலிருந்து பிறந்த குரல்கள் ஆதலின் இரண்டிற்கும் நாம் செவிசாய்த்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் சைவர் செய்யத்தக்கது யாது? பழம்பொருளை எடுத்துக்காட்டி, இஃது உயர்ந்த சொல்லேயாகலின் வழங்குதலாற் குற்றமில்லை என்று வாதித்தல் தகாது. சொற்பிறப்பு வசைக்கு மருந்தன்று. வடுப்பட்டவரை நோக்கி, நும்மை வெட்டிய வாள் முன்பு பூசையறையில் இருந்தது என்று கூறுதலால் யாது பயன்? சட்டத்தை மட்டும் நம்பியிருத்தலும் போதாது. பட்டியல் சாதியாரையும் பழங்குடியினரையும் சாதிப்பெயர் சொல்லிப் பொதுவிடத்தில் இழித்தலை 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015ஆம் ஆண்டுத் திருத்தமும் குற்றமாக்கின, அது வேண்டற்பாலதே. ஆயினும் இழிக்கும் கருத்தையும் சான்றையும் நாடுவது சட்டத்தின் இயல்பு. சினந்து எறிந்த சொல்லை அது பற்றும். தன்னை மறைத்துக்கொண்ட சொல் அதன் கையிற் பெரும்பாலும் அகப்படாது. அங்கே காவல் செய்யவேண்டியது அவரவர் நெஞ்சே.

திருமடங்களும் பாடசாலைகளும் இதில் செய்யத்தக்க பணி உண்டு. சமய வகுப்புக்களில் பரவையார் வரலாற்றைக் கற்பிக்கும்போது அவர் குலத்தை மறைத்துச் செல்லாது, சேக்கிழார் உரைத்தவாறே உரைத்தல் வேண்டும். தஞ்சைக் கல்வெட்டில் உள்ள பெயர்களை மாணாக்கர்க்குப் படித்துக் காட்டுதல் வேண்டும். தான் நாள்தோறும் வீசும் சொல்லின் பின்னே பெயரும் ஊரும் மனையும் உடைய 400 மகளிர் நிற்கின்றனர் என்று அறிந்த மாணாக்கன், அச்சொல்லை முன்போல எளிதில் எடுப்பானல்லன். வசைச்சொல்லுக்கு வலிமை தருவது, அதனைத் தாங்குவோர் முகம் நமக்குத் தெரியாமையே. முகம் தெரிந்தால் நா தயங்கும். அடியார்முன் தன்னை மறந்து ஒரு சொல்லும் பேச அஞ்சுதல் சைவர்க்குப் பழகிய ஒழுக்கம். அவ்வொழுக்கத்தை எல்லா உயிர்முன்னும் விரித்தலே ஈண்டு வேண்டப்படுவது.

திருவைந்தெழுத்தை ஓதுதற்கென்று அமைந்த நா ஒன்றே நமக்கு உள்ளது. வசைக்கு வேறொரு நா இல்லை. காலையில் திருநீறணிந்து திருமுறை ஓதிய நாவே மாலையில் கடைத்தெருவில் அடியார் பெயரைச் சிதைத்து வழங்குமாயின், அவ்வோத்து எங்ஙனம் உள்ளத்திற் படியும்? இதனை நம் இளைஞர் எண்ணிப் பார்ப்பாராக. பெரியோர் அவரைச் சினவாது, அச்சொல் தாங்கிவரும் வரலாற்றை எடுத்துரைத்துத் திருத்துவாராக. வாக்கிறந்து நின்ற பெருமான் நம் வாக்கினைத் தூய்தாக்கி, அதனால் எவ்வுயிரும் நோவாவண்ணம் அருள்புரிவானாக.

திருச்சிற்றம்பலம்.